‘வானம் நல்லாருக்கும்’ என்று நான் அறிவித்த நாள்

எங்கள் மானாவாரி விவசாயக் கூட்டமைப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் செல்வி என்ற பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். இப்போதெல்லாம் வானிலை அறிவிப்பு கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் போவதில்லை. குரலைப் பதிவு செய்து எல்லாருடைய செல்போனுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த வேலை அவளுக்கு.

"அய்யா, நாளைக்கு நல்ல வானிலைன்னு பேசி அனுப்பினேன். பழைய ஆளுக எல்லாம் என்னையச் சத்தம் போடுறாக. நல்லங்கிற வார்த்தையே நம்ம அறிவிப்புல வரக்கூடாதாமே? யாரு போட்ட சட்டம்னு கேட்டா, மாரியப்பன் அய்யாட்டக் கேளுன்னு சிரிக்காக" என்றாள்.

போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் தாயி என்று சொல்லிவிட்டேன். எட்டாவது வரை படித்தவன் நான். தினமும் மழை அளவு எழுதிய கைதான், கதை எழுதிய கை இல்லை. காளியம்மன் துணை.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டைக்கும் தாயில்பட்டிக்கும் நடுவே, கரிசல் பூமியில் இருக்கிறது. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், எங்கள் பேச்சில் காடு. வானம் பார்த்த பூமி என்பதால் அதை நம்பி எல்லாரும் சாப்பிட முடியாது. பதினேழு வயதில் நான் வெடி ஆபீசுக்குப் போய்விட்டேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே எனக்குக் காயப்போடும் தளத்தில் வேலை. வெடிமருந்து செலுத்திய சரக்கைச் சிமெண்டுத் தளத்தில் பரப்பி, வெயில் பார்த்து, பக்குவம் பார்த்து எடுக்க வேண்டும். மேற்கே ஒரு கைப்பிடி மேகம் கறுத்தாலும் விசில் ஊதி எல்லாரையும் கூப்பிட்டு அள்ளிவிட வேண்டும். ஒரு சொட்டு நனைந்தால் அந்த லோடு போயிற்று. அதைவிட, ஈரம் பட்ட மருந்தைத் திரும்பக் கையாளுவது உயிருக்கு ஆபத்து. ஆகவே இருபத்திரண்டு வருஷம் என் கழுத்து அண்ணாந்தே இருந்தது.

"மாரின்னு பேர வச்சுக்கிட்டு மாரிய வெரட்டுற ஒரே ஆளு நீதாம்லே" என்று எங்கள் போர்மேன் கேலி பேசுவார்.

உண்மையும் அதுதான். காலையில் வேலைக்குப் போகும்போது காளியம்மன் வாசலில் நின்று, "ஆத்தா, இன்னைக்கு மழை வேண்டாம்" என்று கும்பிடுவேன். அதே வாசலில் எனக்கு முன்னாலேயே வந்து நின்ற அப்பா, "ஆத்தா, இன்னைக்காவது மழையக் குடு" என்று கும்பிட்டுப் போயிருப்பார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. அவள் யாருக்குத்தான் கொடுப்பாள்?

அப்பா காலமான பிறகு மழையும் முன்னைப் போல இல்லை. புரட்டாசியில் ஒரு உழவு மழை, அதாவது ஏர் இறங்குகிற அளவுக்கு நனைக்கிற மழை. அது பெய்தால் விதைத்துவிடலாம், கிழக்கே இருந்து வரும் கொண்டல் காற்று அடுத்த மழையைக் கொண்டு வந்துவிடும் என்பது பெரியவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பத் தொடங்கியது. முதல் மழை ஆசை காட்டிவிட்டுப் போய்விடும். பிறகு இருபது நாள் வெயில் எரிக்கும். முளைத்தது கருகியபின் ஒரே சாயங்காலத்தில் ஒரு மாத மழையைக் கொட்டிவிடும். பலர் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு முழுநேரமும் ஆபீசுக்குப் போனார்கள். ஆனால் தீபாவளி முடிந்து மழைக்காலத்தில் ஆபீஸ் பூட்டிக் கிடக்குமே, அந்த வாரங்களில் அடுப்பு எரிய வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் கூட்டமைப்பு வந்தது. எங்கள் ஊரோடு சேர்த்து ஐந்து ஊர்ச் சங்கங்கள், விவசாய அலுவலகம், ஒரு தொண்டு நிறுவனம், நான் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி, இவ்வளவு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். குதிரைவாலி விதையைச் சங்கத்துப் பெண்கள் காத்து வைப்பது, டிராக்டர் முதலாளியுடையது, வானிலைத் தகவல் அலுவலகம் தருவது என்று ஏற்பாடு. ஒரு விஷயத்துக்குத்தான் ரொம்ப நேரம் பேச்சு இழுத்தது. விதைக்கிற நேரமும் தீபாவளி சீசனும் ஒன்றாக வரும். காட்டுக்கு வேண்டிய அதே கைதான் ஆபீசுக்கும் வேண்டும். கடைசியில் முதலாளி, விதைப்புக்கு என்று ஒரு நாள் சம்பளத்தோடு லீவு தருவதாக ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நாள். அது எந்த நாள் என்று சரியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஊரே என்னைக் கை காட்டியது.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன் என்றதும் என் வீட்டுக்காரி ராமலட்சுமி, "இனி எந்த ஆபீசு?" என்று கேட்டாள். விவசாய ஆபீஸ் என்றேன். "அங்கன என்ன வெடி போடுறாக?" என்றாள். அப்படி ஆரம்பித்த உத்தியோகம்.

விவசாய அலுவலகத்தில் இருந்து என் மேலதிகாரியாக வந்தவர் ஒரு பெண். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவருக்கு எங்கள் பூமி தெரியுமா என்று எல்லாருக்கும் சந்தேகம். அவர் வந்த முதல் நாளே நேரே காட்டுக்குள் போனார், செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார், தரையில் உட்கார்ந்தார், ஆள்காட்டி விரலை மண்ணில் இறக்கினார். எந்தக் கணுவரை ஈரம் என்று பார்த்து, பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதினார். எப்போதும் பென்சில்தான். பேனா ஏன் வைத்துக்கொள்வதில்லை என்று ஒருநாள் கேட்டேன். மழையில் மை கரையும், பென்சில் கரையாது என்றார். நான் தளத்தில் நின்ற காலத்தில் மழைக்குள் நின்று எழுதுகிற ஆள் ஒருவரையும் பார்த்ததில்லை.

அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. எந்தச் செய்தியைக் கொண்டு போனாலும் மூன்று கேள்வி கேட்பார். யார் சொன்னது? எப்போது சொன்னது? நீங்கள் பார்த்தீர்களா? மூன்றாவது கேள்வியில் பாதிச் செய்திகள் செத்துப் போகும்.

மழைமானி பார்க்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். காலை எட்டரைக்கு ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. உள்ளே இருக்கிற தண்ணீரைச் சிந்தாமல் அளவுக் குடுவையில் ஊற்ற வேண்டும். குடுவையைச் சமமான பலகையில் வைத்து, குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டு வர வேண்டும். தண்ணீர் ஓரத்தில் கொஞ்சம் ஏறி நிற்கும். அதைப் பார்க்கக் கூடாது. நடுவில் குழிந்திருக்கிற இடம்தான் அளவு. மழை இல்லாத நாளிலும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பூஜ்யம் போட வேண்டும். திறக்காமல் போட்ட பூஜ்யம் பொய் என்பார். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூஜ்யம்தான். ஆனாலும் குளித்து, நீறு பூசி, எட்டரைக்குப் போய்விடுவேன். குனிந்து கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டு போகிற நேரம் எனக்குக் கோயில் நடை திறக்கிற நேரம் மாதிரி இருக்கும். இப்போது அந்த இடத்தில் தானாகவே அளக்கிற கருவி நிற்கிறது. நல்லதுதான், தவறாமல் அளக்கிறது. எனக்குத்தான் எட்டரை மணியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடத்திடமிருந்து போன் வரும். அறிவிப்பை இரண்டு தடவை சொல்வார். நான் நோட்டில் எழுதித் திருப்பி வாசிக்க வேண்டும். "சரி, எழுதினதை வாசிங்க, வாசிச்சா போதும்" என்று வைத்துவிடுவார். ஆறு மணிக்கு ஆபீஸ் வேன்கள் ஆட்களை இறக்கிவிடும். அப்போது கோயில் மைக்கைப் போட்டு, அம்மனைக் கும்பிட்டு, வாசிப்பேன்.

அறிவிப்பு புத்தகத் தமிழில் இருக்கும். ‘ஓரிரு இடங்களில்’, ‘பரவலாக’, ‘வறண்ட வானிலை நிலவும்’. வேனில் இருந்து இறங்குகிற பெண்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நிலவுமா, நிலா வருமா என்பாள் ஒருத்தி. ஓரிரு இடத்தில் நம்ம இடம் உண்டா இல்லையா என்று கேளுங்கள் அண்ணே என்பாள் இன்னொருத்தி. எனக்கு வெட்கமாக இருக்கும். நம் சனத்துக்குப் புரியாததை எதற்கு வாசிப்பது என்று, மேடம் சொன்னதை நானே நம் பேச்சுக்கு மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மேடத்துக்கு இது தெரியாது. நான் சொல்லவும் இல்லை. இரண்டு சீசன் அப்படியே ஓடியது. என் பேச்சு எல்லாருக்கும் புரிகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

மூன்றாவது வருஷம் புரட்டாசிக் கடைசியில் நல்ல உழவு மழை பெய்தது. காலையில் குடுவையை இரண்டு தடவை நிரப்பி அளக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தண்ணீர். ஊரே பரபரத்தது. விதைக்கலாமா, விதைக்கலாமா என்று வழியெல்லாம் கேட்டார்கள். சாயங்காலம் மேடம் போன் செய்தார். ‘நாளை முதல் பத்து நாட்களுக்கு வறண்ட வானிலை நிலவும். விதைப்பைத் தள்ளிப்போடவும்.’ எழுதினேன், திருப்பி வாசித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நான் கிளம்ப வேண்டும், விருதுநகர் பக்கம் சூலக்கரையில் இரண்டு நாள் கூட்டம் எனக்கு. மழைப் பதிவேட்டைக் கொண்டு போக வேண்டும். அந்த அவசரம் ஒரு பக்கம். மைக்கில் வேறு கரகரப்பு. கும்பிட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"நாளையில இருந்து பத்து நாளைக்கு வானம் நல்லாருக்கும். அதுக்குத் தக்கன வேலையப் பாத்துக்கோங்க."

அவ்வளவுதான் சொன்னேன். விதைக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தோன்றவில்லை. வானம் நல்லாருக்கும் என்ற பிறகு யார் விதைப்பார்கள்? என் புத்திக்கு அப்படித்தான் பட்டது.

மறுநாள் நடந்ததை ராமலட்சுமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் கம்பெனி வேன் வழக்கத்தைவிட இரண்டு கூடுதலாக வந்ததாம். எங்கள் பழைய போர்மேனே நேரில் வந்திருக்கிறார். அறிவிப்பைக் கேட்டுவிட்டு, தேங்கிக் கிடந்த சரக்கை எல்லாம் காயப்போட்டு எடுத்துவிடலாம் என்று ஆள் கூட்டிப் போக வந்தவர். இங்கே பார்த்தால் பெண்கள் எல்லாரும் விதைப் பெட்டியோடு காட்டுக்குக் கிளம்பி நிற்கிறார்கள், டிராக்டரும் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"வானம் நல்லாருக்கும்னு சொல்லியிருக்காக, இன்னைக்குப் போய் லீவு கேக்கீகளே?" என்று போர்மேன் கேட்டிருக்கிறார்.

"வானம் நல்லாருக்கும்னு சொன்னதுனாலதான லீவு கேக்கோம்?" என்று சங்கத் தலைவி பேச்சியம்மா பதில் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேரும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி, ஒருவரை ஒருவர் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு, கடைசியில் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று வேன் காலியாகத் திரும்பிப் போனது. அன்று பொழுது சாய்வதற்குள் ஊர்க் காடு முழுவதும் விதைப்பு முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் பஸ்ஸில் இருந்து இறங்கியவன் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் விதைத்து, பலகையால் பரம்படித்து மட்டமாக்கிய காடு. நடுவில் என் மூன்று ஏக்கர் மட்டும் சும்மா. தளத்துக்காரனுக்கு வெயில் அடித்தால் வானம் நல்ல வானம். சம்சாரிக்கு, அதாவது காட்டை நம்பி வெள்ளாமை செய்கிறவனுக்கு, மேகம் கூடினால்தான் வானம் நல்ல வானம். நான் இருபத்திரண்டு வருஷத் தளத்து நாக்கோடு சம்சாரிகளுக்குச் சேதி சொல்லியிருக்கிறேன்.

"நீ பாத்துக்கிட்டா இருந்தே?" என்று ராமலட்சுமியிடம் பாய்ந்தேன். பத்து நாள் கழித்து விதைப்போம் என்று நீங்கள் என்னிடம் சொல்லிப் போனீர்கள், நம் விதையை நான் தொடவில்லை, அவர்களுக்கு லீவு கிடைத்தது விதைத்தார்கள், எனக்கு என்ன தெரியும் என்றாள். அவள்மேல் என்ன தப்பு?

அன்றே போய் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதுதான் என் பெரிய பாவம். சொல் தவறியது ஒரு நாள் பிழை, சொல்லாமல் இருந்தது எட்டு நாள் பிழை. அந்த எட்டு நாளும் காளியம்மன் கோயிலைச் சுற்றினேன். ஒரு மழை, ஒரே ஒரு மழை கொடு, என் தப்பை மூடிவிடு என்று கேட்டேன். எத்தனை வருஷம் அவளிடம் வேண்டாம் வேண்டாம் என்று கேட்டவன். என் குரலைக் கேட்டதுமே பழக்கத்தில் மழையை நிறுத்திவிடுவாளோ என்றுகூடப் பயந்தேன்.

நான் திரும்பி வந்த ஐந்தாம் நாள் கரிசலில் பச்சைக் கோடு கோடாக முளை தெரிந்தது. ஏழாம் நாள் நுனி சுருண்டது. எட்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் பேச்சியம்மா காட்டுப் பக்கம் போனேன். அவள் சரவெடி பின்னுகிறவள். வீட்டுக்காரர் இறந்துபோய், இரண்டு ஏக்கரும் அவளும்தான். போன வருஷம் ஆபீஸ் பூட்டியிருந்தபோது அரிசிக்காக அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனவளை, மதினிக்காரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். இந்த வருஷம் என் தானியம் என் வீட்டில் இருக்கும், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சங்கக் கூட்டத்தில் வைத்தே சொன்னவள். அவள் அன்று ஆபீசில் இருந்து அரை நாளோடு வந்து, மருந்துக் கறை போகாத கையோடு, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் நாலைந்து வரிசைக்கு மட்டும் செம்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு ஏக்கருக்கு ஒரு குடம்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். "நாளைக்கு அந்தத் தஞ்சாவூரம்மா வரட்டும்ணே, நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கோம்" என்றாள். பிறகு என் காட்டுப் பக்கம் பார்த்தாள். "ஊரே வெதைச்சிருக்கு. உங்க காடு மட்டும் ஏண்ணே சும்மா கெடக்கு?"

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "மழை வராதுன்னு எனக்குத் தெரியும் தாயி."

"அப்ப எங்களுக்கு மட்டும் வரும்னு சொன்னீகளா?"

"வராதுன்னுதான் சொன்னேன்."

"வானம் நல்லாருக்கும்னு சொன்னீக."

"அதான் தாயி. வானம் நல்லாருக்கும்னா வெயிலடிக்கும்னு அர்த்தம்."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "யாருக்கு?" என்றாள்.

நான் எழுந்து கோயில் பக்கம் நடந்தேன்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மைக்கைப் போட்டு, மேடம் சொன்னது இது, நான் மாற்றிச் சொன்னது இது, அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் நாக்கு செய்தது என்று சொல்லி முடித்தேன். நான் கோயிலை விட்டு வெளியே வந்தபோது என் மாமன் முறைக்காரர் ஒருவர் வழி மறித்தார். "ஏலே மாரியப்பா, ஒன் வானம் வேற, எங்க வானம் வேறயாலே?" இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அடியே வாங்கியிருக்கலாம்.

மறுநாள் மேடம் வந்தார். காட்டில் உட்கார்ந்து விரலை இறக்கினார். மண்ணைத் தட்டிவிட்டு என்னிடம் அதே மூன்று கேள்வி. யார் சொன்னது? நான். எப்போது? மழை பெய்த மறுநாள் சாயங்காலம். மூன்றாவதாக, நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. கருகிக் கிடந்ததை இரண்டு பேரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பென்சிலை எடுத்து நீளமாக எழுதினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"புரியாத மாதிரி எழுதிக் கொடுத்தது என் தப்பு. அதையும் எழுதியிருக்கேன்" என்றார். "இனிமே நமக்கு ரெண்டே வாக்கியம் மாரியப்பன். மழை வரும். மழை வராது. அதுக்குப் பின்னாடி, விதைக்கலாம், விதைக்க வேண்டாம். நல்லதா கெட்டதான்னு அவங்க சொல்லிக்கட்டும்."

செல்வி, சட்டத்தின் கதை இதுதான்.

ஆனால் விதை வேண்டுமே. சங்கத்து இருப்பு பாதி ஊருக்குத்தான் காணும். மேடம் அங்கேயே நின்று மற்ற நாலு ஊர்ச் சங்கங்களுக்கும் போன் போட்டார். மூன்று ஊர்க்காரர்கள் தங்கள் கையிருப்பில் இருந்து தந்தார்கள். மறு விளைச்சலில் திருப்பினால் போதும் என்றார்கள். கூட்டமைப்பு கூட்டமைப்பு என்று காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தோமே, அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். போர்மேன் முதலாளியிடம் பேசி இன்னொரு நாள் லீவு வாங்கிக் கொடுத்தார். பேச்சியம்மா வீடு வீடாக அளந்து கொடுத்தாள். தலைவி என்று கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தபோது சாக்கு காலி.

நான் வீட்டுக்குப் போய், எங்கள் காட்டுக்கு வைத்திருந்த விதையைப் பானையோடு தூக்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் பானையைப் பார்க்கவில்லை.

"வெதை கெடக்கட்டும். நான் வெதைக்கட்டுமா வேண்டாமா, அதச் சொல்லுங்க."

"மேடம் சொல்லுவாக தாயி."

"அவுக உங்ககிட்டச் சொல்லுவாக. எங்கிட்ட நீங்கதான் சொல்லணும். என் காட்டுல வந்து நின்னு சொல்லுங்க."

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மேடத்தின் போன் வந்தது. எழுதினேன், வாசித்தேன், மைக்கில் சொன்னேன், எழுத்துக்கு எழுத்து. மறுநாள் விடிந்ததும் பேச்சியம்மா காட்டுக்குப் போனேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கண்ணைக் கூசுகிற வெயில். தளத்தில் இருந்திருந்தால் இதைப்போல ஒரு நாள் கிடைக்குமா என்று சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த வானத்தின் கீழ் நின்றுகொண்டு, "மழை வரும். வெதைக்கலாம்" என்றேன்.

அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விதையை அள்ளினாள்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கொண்டல் திரும்பியது. கீழ்வானம் கறுத்து, ஆபீஸ் பக்கம் விசில் சத்தம் கேட்டது. யாரோ என் பழைய இடத்தில் நின்று ஊதுகிறார்கள். கால்கள் தன்னால் ஓடப் பார்த்தன, சரக்கை அள்ள. ஓடாமல் காட்டுக்கு நடந்தேன்.

பிடித்துக்கொண்டது மழை. பேச்சியம்மா காட்டில் அடித்த மழை, மாமன் காட்டில் அடித்த மழை, என் காட்டிலும் அடித்தது. எல்லார் காட்டிலும் மண்ணுக்குள் விதை இருந்தது. என் காட்டில் ஒரு மணி விதை கிடையாது. நான் அதன் வரப்பில் நின்றேன். இருபத்திரண்டு வருஷம் எனக்காக வேண்டாம் என்று கேட்டேன், எட்டு நாள் எனக்காக வேண்டும் என்று கேட்டேன். எனக்கு என்று எதுவும் இல்லாமல் மழையைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஆத்தா, ஆத்தா என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை.

ராமலட்சுமி சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேடி வந்தாள். "நம்ம காட்டுலதான் ஒண்ணும் இல்லையே. எதுக்கு இங்கன வந்து நனைஞ்சுக்கிட்டு நிக்கீக?" என்றாள்.

தை மாதம் பேச்சியம்மா வீட்டில் குதிரைவாலி மூட்டை ஏறியது. அவள் மதினி வீட்டு வாசலுக்கு அதற்கப்புறம் போனது, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும்தான். மேடம் இரண்டு வருஷத்தில் மாறுதல் ஆகிப் போய்விட்டார். எந்த ஊரில் எந்தக் காட்டில் விரலை இறக்கிக்கொண்டிருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும். அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ மழை சொன்னேன், பெரும்பாலும் பலித்தது. என் காட்டிலும் நன்றாக விளைந்தது. ஆனால் இப்போதும் கீழ்வானம் கறுக்கும்போது, விளைந்த வருஷம் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. வெறுங்காடாக நனைந்த அந்த வரப்பில் போய் இன்னொரு தடவை நிற்க வேண்டும் போல இருக்கிறது. முழங்கால் விடமாட்டேன் என்கிறது. வாசல் வரைக்கும் போய், கையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு வருகிறேன்.